வேடம் புனைந்த பிள்ளையும் கலங்கும் தாயும்

வளர்ந்து ஆளாகி, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கவும் தொடங்கிவிட்ட ஒரு பிள்ளை, ஓய்வு நேரமெல்லாம் தன்னை வேறொருவனாகப் பாவித்துக்கொண்டு, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டின் மந்திரவாதியாகவோ வாள்வீரனாகவோ பேசி மகிழ்கிறான் என்றால், அது பெற்றோர் கவலைகொள்ள வேண்டிய செய்திதானா என்ற கேள்வி, மேலோட்டமாகக் குடும்ப நடைமுறையைச் சார்ந்ததாகத் தோன்றினாலும், அடிப்படையில் சமயத்துக்கும் தத்துவத்துக்கும் உரியது. ஒருவர் தாம் அல்லாத ஒன்றாகத் தம்மை வேண்டுமென்றே கருதிக்கொள்ளும்போது, அக்கருத்து பொய்யா, விளையாட்டா, பித்தா, அல்லது அறிவின் ஒரு வகையா என்பதைத் தமிழ்ச் சமய மரபு பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்துவந்திருக்கிறது.

இங்கே பேசப்படும் பொழுதுபோக்கு 'ரோல் பிளேயிங் கேம்' எனப்படும் பாத்திர ஆட்டம் ஆகும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதன் முன்னோடி. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர, அவர்களில் ஒருவர் நடத்துநராக இருந்து கதையுலகை விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அது என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று சொல்லிச் செல்வர்; செயல் பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கும். வெற்றி தோல்வி என்று முடிவு எதுவும் இல்லாமல் ஒரே கதை மாதக்கணக்கில் நீள்வதும் உண்டு. பின்னாளில் இது கணினிக்கும் கைபேசிக்கும் பெயர்ந்தது. பாத்திரத்தின் உடையணிந்து நடமாடும் காஸ்பிளே அதன் இன்னொரு கிளை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் ஷிப்ட் முறையில் வேலை செய்து, கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் டிப்ளமா படித்த இளைஞன் ஒருவன் இத்தகைய ஆட்டத்தில் ஈடுபட்டால், ஊரில் இருக்கும் தாய்தந்தையரின் வாயிலிருந்து வரக்கூடிய சொற்களை ஊகிப்பது கடினமன்று. 'காத்து கருப்பு அண்டியிருக்குமோ', 'குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குறையோ', 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்' என்று அச்சமும் வைத்தியமும் ஒரே மூச்சில் வரும். இவற்றை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒதுக்குபவர், இந்த அச்சம் படிப்பறிவோடு தொடர்புடையதன்று என்பதை மறந்துவிடுகிறார். 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற்போனபோது, அவர் இந்த ஆட்டத்தில் மூழ்கி நிலத்தடிச் சுரங்கங்களில் தொலைந்துவிட்டார் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. அவர் உயிரோடு கண்டறியப்பட்டு, ஆட்டம் காரணமன்று என்று தெரிந்த பிறகும் வதந்தி நின்றபாடில்லை. மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய் 1983இல் இந்த ஆட்டத்துக்கு எதிராக ஓர் அமைப்பையே தொடங்கினார். சாத்தான் வழிபாடு என்றே பலர் நம்பினர். பேயோட்டும் பூசாரியை அழைக்கும் தாயும் அமெரிக்கப் புறநகர்த் தாயும் அஞ்சியது ஒன்றையே: பிள்ளை வேறொன்றாக ஆகிவிட்டால், திரும்பி வருவானா?

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த அச்சத்துக்கு ஒரு விந்தையான பின்னணி உண்டு. வேறொருவராக மாறுவதை இம்மண் ஒருபோதும் அந்நியமாகக் கருதியதில்லை. மாவட்டத்தின் மேற்கில் உள்ள திருவாலங்காடு, காரைக்கால் அம்மையார் வாழ்வின் நிறைவுக் களம். சேக்கிழாரின் பெரியபுராணத்தின்படி, அம்மையார் இறையருளால் மாங்கனி பெற்ற அற்புதத்தைக் கண்டு மிரண்டு பிரிந்துபோன கணவன் பரமதத்தன், சுற்றத்தார் அவரை அழைத்துச்சென்று எதிரே நிறுத்தியபோது மனைவியென ஏற்காமல் காலில் விழுந்து வணங்கினான். அக்கணமே அம்மையார் தசையாகிய சுமையை உதறிப் பேய் வடிவத்தை வேண்டிப் பெற்றார். உடனிருந்த உறவினர் வணங்கினர், அஞ்சினர், விலகிப் போனார்கள். சேக்கிழார் அந்த அச்சத்தை மறைக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. திருவாலங்காட்டில் தூக்கிய திருவடியின்கீழ் பாடியபடி இருக்கும் பேயாரைத் தாயும் தந்தையும் இல்லாத இறைவன் 'அம்மை' என்று அழைத்தான் என்பதை மரபு மகிழ்ந்து சொல்லும். பெற்றவர்கள் அவரை அதன்பின் என்னவென்று அழைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

மாவட்டத்தின் தலைநகரான திருவள்ளூர், வைணவர்களுக்குத் திருஎவ்வுள். வீரராகவப் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வார், தம்மைப் பரகால நாயகி என்ற பெண்ணாகப் பாவித்தும் பாடியவர். அந்தப் பெண்ணின் குரலோடு நிற்காமல், அவளுடைய நிலை கண்டு பதறும் தாயின் குரலையும் ஆழ்வார்கள் தாமே ஏற்றனர். பெற்றோர் கவலைக்கு மரபில் கிடைக்கும் மிக நுட்பமான பதிவு அதுவே. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் ஐந்தாம் பத்தின் ஆறாம் பதிகம் முழுவதும், தன் மகள் தன்னையே உலகைப் படைத்தவள் என்றும், இடந்தவள் என்றும், உண்டவள் என்றும் சொல்லிக்கொண்டு திரிவதைக் கண்ட தாய், கேட்க வந்த ஊராரிடம் இதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று தெரியாமல், இறைவனே இவள்மேல் வந்து ஏறிவிட்டானோ என்று வினவுவதாக அமைந்தது. இங்கே தாய்க்கு விடை கிடைப்பதில்லை. அவளுடைய வினாவே பதிகமாகிவிடுகிறது. நம்பிள்ளையின் உரையாகிய ஈடு, மகளின் செயலை 'அநுகாரம்' என்று விளக்குகிறது; அதாவது, கண்ணனைப் பிரிந்த ஆய்ச்சியர் அவனைப் போலவே நடித்துத் தம் உயிரைத் தரித்துக்கொண்டதைப் போல, பிரிவைத் தாங்குவதற்காகப் பிரிந்தவரின் வடிவை மேற்கொள்ளுதல். உரைகாரர் பார்வையில் அந்த நடிப்பு அறிவிழப்பு அன்று. அறிவிழக்காமல் இருப்பதற்கான வழி.

கலங்கிய தாய் தவறான வைத்தியத்தைத் தேடுவதையும் நம்மாழ்வார் விட்டுவைக்கவில்லை. நான்காம் பத்தின் ஆறாம் பதிகத்தில், நோயின் மூலம் அறியாமல் சிறுதெய்வ வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்யும் தாய்மாரைத் தடுத்து, இது அந்த நோயே அன்று என்று எடுத்துச் சொல்பவள் தோழி. சங்க அகத்திணையில் வேலன் என்னும் பூசாரியை வரவழைத்துக் கழங்கு உருட்டி மகளின் வாட்டத்துக்குக் காரணம் காணும் தாயிடமிருந்து தொடரும் காட்சி இது. பிள்ளை பகடை உருட்டுவதைக் கண்டு அஞ்சும் தாய் காய் உருட்டியே காரணம் தேடுவதில் உள்ள நகைச்சுவையைச் சங்கப் புலவர்களும் சுவைத்திருப்பர்.

இதே நிலத்தின் தெருக்கூத்து, பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நிகழும் காலத்தில், மேலே கண்ட தத்துவச் சிக்கலை ஆண்டுதோறும் மேடையேற்றிக் காட்டுகிறது. துகிலுரிதல் காட்சியில் துச்சாதனனாக வேஷம் கட்டியவர், பாஞ்சாலியின் புடவையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. காட்சி உச்சத்தை எட்டி வேஷக்காரருக்கு ஆவேசம் வந்துவிட்டால், பின்னால் நிற்பவர்கள் இடுப்பைச் சுற்றிப் பிடித்து நிறுத்துவார்கள். பாத்திரமாக மாறுவதற்குக் காப்பு கட்டுதல், திரைக்குப் பின் நின்று பாடி நுழைதல், ஆவேசம் கொண்டவரைத் தாங்குதல், பதினெட்டாம் நாள் படுகளம், தீமிதி என்று வாயில்களும் வேலிகளும் கூத்தில் பல. ஆட்டக்காரரின் பெற்றோரும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்து மகன் துச்சாதனனாக உறுமுவதைப் பார்க்கிறார்கள். அவர்கள் அஞ்சாததற்குக் காரணம் துணிச்சல் அன்று. மகன் எங்கே போகிறான், எப்போது திரும்புவான், யார் பிடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மேசையாட்டத்தில் பொதுவாகப் பார்வையாளருக்கு இடமில்லை. தலையணி ஒலிவாங்கியோடு கதவை மூடிக்கொண்டு ஆடும் கணினியாட்டத்திலோ உடன் ஆடுபவர்களே கண்ணுக்குத் தெரிவதில்லை. கற்பனையின் அளவைவிட, அந்த மூடிய கதவே பெற்றோரின் கவலைக்கு உரிய பொருள் என்று கருத வேண்டியிருக்கிறது.

பொய்யா மெய்யா என்ற வினாவைத் தத்துவ நூல்கள் வேறு விதமாகவே அணுகின. நாட்டியசாத்திரத்துக்கு உரை எழுதிய அபிநவகுப்தர் எடுத்துக்காட்டும் சங்குகர் என்ற காசுமீர அறிஞர், நடிகனை இராமனாகக் காண்பது மெய்யறிவும் அன்று, மயக்கமும் அன்று, ஐயமும் அன்று, ஒப்புமையும் அன்று என்று கூறி, ஓவியத்தில் உள்ள குதிரையைக் 'குதிரை' என்று காண்பதைப் போன்ற தனி வகை அது என்றார். தமிழ்ச் சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பாம்புக்கடிக்கு மருத்துவம் பார்க்கும் மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவித்துக்கொண்டு நஞ்சை இறக்குவதை, உயிர் தன்னைச் சிவமாகப் பாவிக்கும் 'சிவோகம் பாவனை'க்கு அருணந்தி சிவாசாரியார் உவமையாக்குகிறார். மாந்திரிகன் கருடன் ஆகிவிடவில்லை. ஆனால் நஞ்சு இறங்குகிறது. எனவே பாவனையை அளப்பதற்கு உரிய கோல் அதன் உண்மைப்பொருத்தம் அன்று, அது எந்த நஞ்சை நீக்கியது என்ற பயனே.

அதே சித்தாந்தம் பெற்றோருக்கும் ஒரு வலுவான வாதத்தை வழங்குகிறது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது, அதாவது எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் தன்மையை ஏற்பது, என்பது மெய்கண்டார் மரபின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. படிகம் தன்மேல் படும் நிறத்தை ஏற்பது அதற்குச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. அவ்வாறானால், வாரந்தோறும் பல மணி நேரம் கொலைகாரனாகவோ ஏமாற்றுக்காரனாகவோ ஆடுபவன்மேல் அந்த நிறம் படாது என்று சொல்ல முடியாது. 'வெறும் விளையாட்டுதானே' என்ற விடை சித்தாந்தியைத் திருப்திப்படுத்தாது. ஆயினும் படிகம் நிறத்தை ஏற்கும்போதும் படிகமாகவே இருக்கிறது. இந்த இரண்டையும் ஒருசேரப் பற்றியிருப்பதே சித்தாந்தத்தின் வலிமை. அமெரிக்க அச்சம் முன்னதை மட்டும் கண்டது, அதைக் கேலி செய்தவர்கள் பின்னதை மட்டும் கண்டனர்.

வேடம் கலையாமல் தங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் மரபில் ஓர் அரிய குறிப்பு இருக்கிறது. மன்னரான குலசேகராழ்வார் இராமாயணக் கதை கேட்டுக்கொண்டிருந்தபோது, தனியனாகிய இராமன் அரக்கன் கரனுடைய பெரும்படையை எதிர்கொண்டதைச் செவிமடுத்ததும், தம் சேனையைத் திரட்டித் துணைக்குப் புறப்பட்டார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. 'இது நடந்து முடிந்த கதை, மன்னா' என்று யாரும் அவரைத் திருத்தவில்லை. கதை சொல்பவர், இராமன் தனித்தே வென்றுவிட்டான் என்று விரைந்து சொல்ல, படை திரும்பியது. கதைக்குள் போனவரைக் கதையின் வழியாகவே திருப்பி அழைத்துவந்தார்கள். அதற்கு, கதை தெரிந்த ஒருவர் அருகில் இருந்தார்.

இன்றைய மருத்துவமும், தன் வழியில், உள்ளடக்கத்தை விட்டுவிட்டுத் திரும்புதலையே அளக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. கணினி, கைபேசி ஆட்டங்களுக்கே உரிய அந்த வரையறை, ஆடுபவன் எந்தப் பாத்திரமாக ஆடுகிறான் என்று கேட்பதில்லை. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் முந்திக்கொண்டதா, கேடு விளைந்த பின்னும் தொடர்கிறதா, இந்நிலை பொதுவாக ஓராண்டேனும் நீடித்திருக்கிறதா என்பனவே அதன் வினாக்கள்.

கும்மிடிப்பூண்டியில் பணிபுரியும் மகனைப் பற்றி இவ்வினாக்களுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் ஜோதிடரும் அல்லர், பெண் பார்க்கும் தரகரும் அல்லர். கட்டாயத் திருமணத்தைப் பரிகாரமாகச் செய்வது, விடை தெரியாத வினாவுக்குள் இன்னொரு வீட்டுப் பெண்ணை இழுத்துவிடுவதாகும். மகன் நைட் ஷிப்ட்டுக்கு நேரத்துக்குப் போகிறானா, வீட்டுக்குப் பணம் அனுப்பும் நாளில் சாக்குச் சொல்கிறானா, சாப்பிடுகிறானா, ஆட்டம் முடிந்த பின் சிரித்துக்கொண்டு எழுகிறானா அல்லது பேச்சற்றுப் படுக்கிறானா என்பதை, அதே மேசையில் அவனோடு அமரும் அறைத் தோழர்கள் அறிவார்கள். திருவாய்மொழியில் தோழிக்கு உரிய இடம் இங்கே அவர்களுடையது. பெற்றோர் பெரும்பாலும் முதலில் திட்டுவதும் அவர்களைத்தான்.