நீராடாமல் ஒரு சரணாகதி

மது, மாத்திரைப் பழக்கங்களுக்குச் சிகிச்சை தரும் இல்லங்களில் சேர வரும் பெண்ணுக்கு முதலில் நடப்பது பிரார்த்தனையோ அறிவுரையோ இல்லை. பையைச் சோதிப்பார்கள். ஒரு செவிலியர் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைப்பார். சென்ட் பாட்டில், வாய் கொப்பளிக்கும் மருந்து, சானிடைசர், இருமல் டானிக் என்று ஆல்கஹால் கலந்திருக்கக்கூடியவை எல்லாம் தனியே போகும். சேலை மடிப்புக்குள் தூக்க மாத்திரை அட்டை இருந்தால் அதுவும் போகும். பல இடங்களில் கைபேசியையும் வாங்கி வைத்துவிடுவார்கள். அரிசி டிரம், பீரோவின் அடித்தட்டு, குளியலறைப் பரண் என்று வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்துவந்த மறைவிடங்களில் கடைசியாக மிச்சமிருந்தது அந்தப் பை. அதுவும் வெறுமையாவதை அவள் நின்று பார்க்க வேண்டும்.

இதை அவமானம் என்று எண்ணுபவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு சடங்காகவே தெரிகிறது. வைணவ ஆசாரியர்கள் சரணாகதிக்குத் தகுதி பேசும்போது தவத்தையோ கல்வியையோ கேட்பதில்லை. கைம்முதல் ஏதும் இல்லை, போக வேறு இடமும் இல்லை என்ற நிலை ஒன்றே போதும் என்கிறார்கள். அந்த மேசையருகே நிற்பவளுக்கு அந்தத் தகுதி முழுமையாக இருக்கிறது.

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இன்னும் ஒரு படி போகிறார். சரணாகதிக்கு இடநியமம், காலநியமம் என்று எதுவும் கிடையாது என்று நிறுவ வந்தவர், சாட்சியாகக் காட்டுவது திரௌபதியை. சபைக்கு அவளை இழுத்து வந்தபோது அவள் மாதவிலக்கில் இருந்தாள். ஒற்றை ஆடையில் இருந்தாள். நீராடித் தூய்மையான பிறகா அவள் கண்ணனை அழைத்தாள்? இருந்த கோலத்தில் அழைத்தாள். அழைப்பு போய்ச் சேர்ந்தது. மடி, ஆசாரம் என்று அத்தனை கவனம் கொண்ட ஒரு மரபின் உள்ளிருந்து, சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதை எழுதிவைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சிகிச்சைக்கு வர வேண்டிய பெண்கள் பெரும்பாலும் நீராடிவிட்டு வரவே பார்க்கிறார்கள். "கொஞ்சம் குறைச்சிட்டு அப்புறம் போறேன்." "பொண்ணு பரீட்சை முடியட்டும்." "கை நடுக்கம் நின்னாத்தான் டாக்டர் முன்னாடி போய் உட்கார முடியும்." ஓரளவு சரியாகிவிட்டுத்தான் சரியாக்கும் இடத்துக்குப் போவது என்ற இந்த எண்ணம் பெண்களிடம் ஊறிப்போனது. விருந்தாளி வருமுன் வீட்டை ஒழுங்கு செய்து பழகிய கை அல்லவா.

மருத்துவமும் இங்கே ஆசாரியர் பக்கம்தான் நிற்கிறது. நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாட்கள் ஆனதும் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. நெடுநாள் தூக்க மாத்திரை எடுத்தவர்களுக்கும் திடீர் நிறுத்தம் இதே போன்ற அபாயத்தைத் தரும். அதனால்தான் தயமின் சத்தும், படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரும் மாத்திரையும், இரவில் வந்து நாடி பார்க்கும் ஒருவரும் வேண்டியிருக்கிறது. ஆன்மிகமும் மருத்துவமும் ஒரே சொல்லைச் சொல்லும் இடங்கள் அதிகமில்லை. இது ஒன்று: இருக்கிற கோலத்தில் வா.

அந்தச் சொல் பெரிய இடத்துப் பெண்களுக்கும் எளிதில் காதில் விழுவதில்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு, 1964இல் கழுத்து நரம்பு வலிக்காக எழுதித் தந்த மாத்திரை பழக்கமாகிப்போனது. மாலை மது அதோடு சேர்ந்துகொண்டது. 1978 ஏப்ரலில், அவருக்கு 60 வயது நிறைந்த அந்த மாதத்தில், கணவரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து அவரிடம் பேசினார்கள். கலிபோர்னியாவில் லாங் பீச் கடற்படை மருத்துவமனைக்குப் போனார். தனியறை கிடைக்கும் என்று நினைத்திருந்தவரிடம், வேறு பெண்களும் தங்கியிருந்த ஓர் அறையைக் காட்டினார்கள். அவர் தயங்கினார். மருத்துவர் ஜோசப் பர்ஷ் அமைதியாகச் சொன்னாராம்: உங்களுக்குத் தனியறைதான் வேண்டுமென்றால், இந்தப் பெண்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறேன். அதைக் கேட்ட பெட்டி, வேண்டாம் என்று சொல்லி உள்ளே போனார்.

பை காலியாவது ஒன்று. பதவி காலியாவது அதைவிடக் கடினம்.

ஆனால் கதவுக்குள் போனதோடு நுழைவு முடிந்துவிடவில்லை. மாத்திரைப் பழக்கத்தை ஒப்புக்கொண்ட பெட்டி, மதுவை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். வெளியே தெரிந்தால் கணவருக்குத் தலைகுனிவு என்பது அவர் சொன்ன காரணம். நீங்கள் கணவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள் என்றார் பர்ஷ். கணவரோ, எனக்கு ஒரு தலைகுனிவும் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல் என்றார். பெட்டி அழுதார். பிறகு மதுவையும் சேர்த்து ஊரறியச் சொன்னார். அந்த அழுகைதான் உண்மையான நுழைவு என்று நினைக்கிறேன். கணவனின் மானம், குழந்தையின் கல்யாணம், மாமியாரின் பேச்சு என்று ஒரு பெண் ஒளிந்துகொள்ள எத்தனை திரைகள். எல்லாமே பார்ப்பதற்கு அன்பு போலவே இருக்கும். பாதி அன்பாகவும் இருக்கும். அதனால்தான் அவற்றை விலக்குவது இத்தனை வலிக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி டிபோ குடிநோயாளிகளோடு பழகிக் கண்ட ஒரு வேறுபாடு இங்கே பயன்படும். 1939இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் சேர்ந்து மீண்ட முன்னோடிப் பெண் மார்ட்டி மேன், கனெக்டிகட்டில் டிபோவிடம் சிகிச்சை பெற்றவர். டிபோ சொன்னது இது: அடங்கிப் போவது வேறு, சரணடைவது வேறு. அடங்கிப் போகிறவர் வாயால் ஆமாம் என்பார். உள்ளே ஒரு மூலையில் இல்லை என்பது உயிரோடு இருக்கும். சரணடைந்தவரிடம் அந்தச் சண்டை ஓய்ந்துவிடும்.

இதைப் படிக்கும் நம்மூர்ப் பெண்ணுக்குச் சிரிப்பு வரலாம். அடங்கிப் போவதில் அவளுக்குப் பயிற்சி தேவையா என்ன? தலையாட்டவும், குரலைத் தாழ்த்தவும், "சரிங்க" என்று சொல்லவும் சிறுவயதிலேயே கற்றவள். சிகிச்சை இல்லத்திலும் அவள் மிக நல்ல நோயாளியாக இருப்பாள். வேளைக்கு மாத்திரை, வேளைக்குப் பிரார்த்தனை, யாரிடமும் குரல் உயர்த்தாத ஒழுங்கு. அப்படிப்பட்டவரைப் பார்த்தால் அனுபவமுள்ள ஆலோசகர்கள் கவலைப்படுவார்கள், மகிழ மாட்டார்கள். அந்தச் "சரிங்க"வுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது இன்னும் வெளிவரவில்லை.

குடியிலிருந்து மீண்ட சமூகவியலாளர் ஜீன் கிர்க்பாட்ரிக், 1970களின் நடுவில் பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியபோது இந்த இடத்தைத்தான் தொட்டார். நான் சக்தியற்றவள் என்று சொல்லித் தொடங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் 12 படிகள் ஆணின் செருக்கை உடைக்க உதவலாம். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் பெண்ணுக்குத் தன்மதிப்பு அல்லவா வேண்டும் என்று கேட்டார். அவர் பக்கம் நியாயம் அதிகம். ஆனால் அவருடைய கோபம் அடங்குதலின்மேல். சரணாகதியின்மேல் இல்லை என்பது என் வாசிப்பு. திரௌபதியையே பார்க்கலாம். நீராடாமல் அழைத்த அதே பெண்தான், தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று சபையையே கேள்வி கேட்டவள். பீஷ்மராலும் அதற்கு நேர் பதில் சொல்ல முடியவில்லை. கைவிட்டது தன்னால் முடியும் என்ற பிடியை மட்டும். தன் மதிப்பை அவள் கைவிடவில்லை.

நம் பக்கத்தில் குடிநோய் கொண்ட பெண்ணுக்கு முகமே கிடையாது. குடி என்றால் பெண் அங்கே சாட்சி. வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கொண்டுவரும் பெண்ணும், குடித்தவனைப் பார்த்து முகம் வாடும் தாய்தான். (சங்கப் பாட்டில் ஔவையார் அதியமானோடு கள்ளைப் பகிர்ந்ததைக் கூச்சமின்றிச் சொல்கிறார், அந்தத் துணிவு பின்னால் எங்கே போனது என்பது தனிக்கதை.) சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரை மதுவுக்கு இழந்தவர். இந்நாட்டில் குடிநோய்ச் சிகிச்சைக்குக் கதவு திறந்தவர்களில் ஒருவர், நோயாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து கட்டிலில் படுக்கும் பெண்ணைப் பற்றி நாம் இன்னும் பேசப் பழகவில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆண்களில் 27.3 சதவீதம் பேரும் பெண்களில் 1.6 சதவீதம் பேரும் மது அருந்துகிறார்கள். சதவீதம் சிறிதாக இருப்பதே அவளுடைய தனிமையைக் கூட்டுகிறது. உடல்வலி தீரக் கட்டிங் என்று தொடங்கிய கூலித் தொழிலாளிக்கும், தூக்கம் வராமல் மாத்திரையில் தொடங்கிய இல்லத்தரசிக்கும் உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி என்ற எண்ணம். பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. அதே அளவு மது அவள் இரத்தத்தில் அதிகச் செறிவோடு நிற்கும்; கல்லீரல் விரைவில் கெடும்; பழக்கம் நோயாக முற்றுவதும் வேகமாக நடக்கும். ஒழுக்கக் கேடு என்று ஊர் எழுதும் கணக்கில் பாதி, உடம்பின் கணக்கு.

உள்ளே நாட்கள் மெல்ல நகரும். முதல் இரவுகளில் தூக்கம் வராது. பிறகு பசி திரும்பும். ரசத்தின் புளிப்பு நெடுநாளுக்குப் பின் நாக்கில் தெரியும். எல்லார் தட்டையும் கழுவிப் பழகியவள் இங்கே தன் தட்டை மட்டும் கழுவுவாள். உடம்பு தெளியத் தெளிய, மனத்தில் குற்றவுணர்வு வந்து உட்காரும். பள்ளி விழாவுக்குப் போகாத ஒரு மாலை, பிள்ளையை அடித்த ஓர் இரவு. கண்ணை மூடித் தியானம் செய் என்றால் இந்த நாட்களில் பலருக்கு முடியாது. வன்முறையை அனுபவித்தவர்களுக்கு மூடிய இமைக்குள் இருட்டு மட்டும் இருப்பதில்லை. அதை அறிந்த இடங்களில், கண் திறந்தபடியே பாதம் தரையில் படுவதைக் கவனி என்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய, இதைவிடக் கருணையான தியானம் இல்லை. பெண்கள் மட்டும் கூடும் குழு ஏன் வேண்டும் என்பதும் இங்கே விளங்கும். ஆண்கள் நடுவே சொல்ல முடியாத கதைகள் அவை. 1982இல் பெட்டி ஃபோர்டு கலிபோர்னியாவில் தன் பெயரில் சிகிச்சை மையம் திறந்தபோது, பாதி இடம் பெண்களுக்கே என்று உறுதியாக நின்றார்.

கைக்குழந்தை உள்ளவர், வேலையை விட முடியாதவர், உடலளவில் ஆபத்து நீங்கியவர் ஆகியோருக்குப் பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் முறையும் உண்டு. தங்கிச் சிகிச்சை பெறுவதைவிட இது எளிது என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவள் வாசலை நாளுக்கு இருமுறை கடக்கிறாள். மாலையில் அதே தெரு, அதே கடை, அதே சமையலறை.

கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்துவிட்டு, மாலை கழற்றிய இரவே பழைய இடத்துக்குப் போகும் ஆண்களை நாம் அறிவோம். அந்த விரதத்துக்கு முடிவுத் தேதி உண்டு. 28 நாள் சிகிச்சை முடிந்தாலும் மீட்சிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. வெளியே வரும் நாள் தொடக்கம்தான். ஆசாரியர்கள் சொன்னதிலிருந்து இவளுடைய சரணாகதி விலகும் இடமும் இதுவே. அவர்களுக்குப் பிரபத்தி என்னும் சரணாகதி ஒரே ஒரு முறை. இவளுக்கு அது ஒவ்வொரு காலையும். இடையில் ஒரு நாள் வழுக்கினால், மறுநாள் காலையும் அதே நீராடாத கோலத்தில் அதே கதவைத் தட்டலாம். முதல் முறை கேட்காத தகுதியை இரண்டாம் முறை யாரும் கேட்கப் போவதில்லை.

உங்கள் வீட்டில், உறவில் இப்படி ஒரு பெண் இருந்தால் அவளைத் திருத்தி அழைத்துப்போகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவள் கிளம்பாததற்குப் பாதிக் காரணம் அதுதான். கட்டிப்போட்டும் பூட்டிவைத்தும் திருத்துவதாகச் சொல்லும் இடங்களை நாடாதீர்கள். பதிவு பெற்ற மையமா, பெண்களுக்குத் தனிப்பிரிவும் பெண் பணியாளர்களும் உண்டா என்று விசாரித்துச் சேருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் 14446 என்ற எண்ணை அழைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.