ஜொகூர் எந்த வரிசையில்?

மலேசிய மாநிலங்களின் பெயர்களைத் தமிழில் எழுதி, பைத்தானில் அப்படியே வரிசைப்படுத்திப் பாருங்கள். சிலாங்கூருக்கு அடுத்து ஜொகூர் வந்து நிற்கும். யூனிகோடில் 'ச'வுக்குப் பின் 'ஜ' இருப்பதால் வரும் கூத்து. 'ந'வை ஒட்டி 'ன', 'ர'வை ஒட்டி 'ற' என்று இன்னும் உண்டு. அகராதி மரபில் கிரந்த எழுத்துகள் 'ன'வுக்கும் பிறகு, கடைசியில்தான்.

இதைச் சரியாக அடுக்கித் தர 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூல நிரல் தொகுப்பு இருக்கிறது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் எம்ஐடி உரிமத்தில் கொடுத்தது. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கூடக்கோ. உரிமக் குறிப்பை மட்டும் அழிக்காதே. அவ்வளவுதான் நிபந்தனை.

ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் நூலகப் பட்டியலுக்காக அதை எடுத்தேன். "பிள்ளைங்க 'ஜ'வை 'ச' பக்கத்துலதான் தேடுறாங்க" என்றார் ஆசிரியர். அப்படியே மாற்றிக் கொடுத்தேன். நண்பன் விடவில்லை: "மூலத்துக்கு அனுப்பலையா? ஓசியில வாங்கிட்டு மூடி வைக்கிறது நியாயமாடா?"

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், இயந்திரத்துக்கு வேறு வேறு. அதனால் ஒரே தலைப்பு இரண்டு இடத்தில் போய் நின்றால் அது பிழை. அதைத் திருத்தி நம் பையிலேயே வைத்துக்கொள்வதை எம்ஐடி தடுக்காது. ஜிபிஎல்கூட, அடுத்தவருக்கு நிரலை விநியோகிக்கும்போதுதான் மூலத்தைக் கேட்கிறது. ஆனாலும் அது கஞ்சத்தனம். அடுத்து வருபவனும் அதே பிழையோடு ஒரு ராத்திரி மல்லுக்கட்டுவான்.

'ஜ'வின் இடம் அப்படியல்ல, எங்கள் பள்ளியின் வசதி. அதை அனுப்பினால், சம்பளமில்லாமல் பராமரிப்பவர் காலமெல்லாம் சுமக்கணும். கொடை என்று பெயர் சொல்லிச் சுமையை இறக்கிவைக்கிற வேலை.

சரி, எது பிழை, எது வசதி என்று யார் சொல்வது? நானே சொன்னால் எனக்குத் தோதாகத்தான் சொல்வேன். ஏடு பிரதி எடுத்தவர்களில் சிலரும் திருத்துவதாக நினைத்துத்தான் சொற்களை மாற்றினார்கள், சத்தமில்லாமல். உ.வே.சா. தான் தேர்ந்த பாடத்தை மேலே வைத்து, பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். வாசகர் அவரோடு முரண்பட இடம் இருந்தது. 1991-இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பும், மாற்றிய கோப்பில் மாற்றியதையும் தேதியையும் எழுதச் சொல்கிறது. எம்ஐடி அதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் எழுதினேன்.

நிரலைத் திறக்காத பிள்ளைகளுக்காக, அச்சிட்ட பட்டியலின் அடியிலும் ஒரு வரி: "அகராதியில் ஜொகூரைக் கடைசியில் தேடவும்."