காகித ஆலயம்

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவிற்குக் குன்னத்தில் நாங்கள் அட்டையில் ஓர் ஆலயம் சமைத்தோம். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பாடிய ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதா ஆலயமே அதற்கு மாதிரி. சிறுவயது முதல் முழந்தாளிட்ட இடம். ஆயினும் அங்கே எத்தனை சாளரங்கள் என்று கேட்டால் ஒருவரும் அறியோம். அளந்துவர மீண்டும் சென்றோம். அட்டையை வெட்டுகிறவர் ‘ஏறக்குறைய’ என்று தப்ப இயலாது. ஓர் அளவு பிழைத்தால் கூரை பொருந்தாது. பாராமலே நேசித்து வந்தோமா?

இத்தாலியின் பாதுவா நகரில் ஜொத்தோ 1305ஆம் ஆண்டளவில் தீட்டிய சுவரோவியத்தில், வட்டியால் செழித்த குடும்பத்தவரான ஸ்க்ரொவேஞி, தாம் கட்டிய சிற்றாலயத்தின் சிறுவடிவை அன்னையிடம் நீட்டுகிறார். அது காணிக்கை; பரிகாரமும் என்பர். பழைய கோவிலை இடித்துவிட்டு, அதன் சிறுவடிவைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்போமாயின், அது எது? சுவரின் வடிவைக் காகிதம் தாங்கும். நம் முன்னோர் ஏற்றிய மெழுகுதிரிகளின் கரியைத் தாங்காது. மனச்சான்றை உறங்கவைக்கும் பொம்மையாகவே அது முடியும்.

எங்கள் கோபுரம் மார்கழிப் பனியில் நனைந்து சாய்ந்தது. பிள்ளைகள் ஈர்க்குச்சியால் முட்டுக் கொடுத்தனர். அளவுகள் எழுதிய ஏட்டை மட்டும் பத்திரப்படுத்தியுள்ளோம். ஏலாக்குறிச்சியில் சுவர் பழுதுற்றால் கொத்தனாருக்கு அது வேண்டும்.