கூலியும் கோப்பையும்

2015 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் புகைமூட்டம். இந்தோனேசியாவில் எரிந்த காட்டின் நாற்றம் சுங்கை வேயில் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிவரை வந்திருந்தது. அன்று காலை நடக்கவேண்டிய கோலாலம்பூர் மாரத்தானை ரத்து செய்துவிட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடமும் இல்லை என்று அறிவிப்பு. ஆனால் புக்கிட் ஜாலில் புத்ரா அரங்கத்தில், கூரைக்குக் கீழே, மலேசியப் பொது டென்னிஸ் போட்டியின் இறுதியாட்டம் நடந்தது. ஆடியவர்கள் இரண்டு ஸ்பெயின்காரர்கள், டேவிட் ஃபெரரும் ஃபெலிசியானோ லோபஸும். இருவருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது.

என் பெரியம்மா மகன் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரத்தானில் ஓட ஆறு மாதமாகப் பழகியவர். எண் அட்டைகூட கைக்கு வந்துவிட்டிருந்தது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவன் ஃபெடரர்கிட்ட ஒருதடவகூட ஜெயிச்சதில்லடா. ஆனா பாரு, எப்படி ஓடறான்."

ஃபெரர் 7-5, 7-5 என்று வென்றார். எனக்கு அன்று அது ஒரு பொருட்டாகவே இல்லை. ஃபெடரரோ நடாலோ வந்திருந்தால் பார்த்திருப்பேன். ஃபெரரைப் பற்றி யோசிக்க வைத்தது, பல வருடம் கழித்து, அலுவலகத்தில் நிரப்பவேண்டியிருந்த ஒரு படிவம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. ஃபெரர் 2019 மே மாதம் மட்ரிட்டில் ஓய்வு பெற்றபோது அவருடைய பதிவில் 734 வெற்றி, 377 தோல்வி. 52 இறுதியாட்டங்களில் 27 பட்டங்கள். கோலாலம்பூர் அவற்றில் ஒன்று. 2013 ஜூலையில் உலகத் தரவரிசையில் 3ஆம் இடம். 2012இல் மட்டும் 7 பட்டங்கள், அந்த ஆண்டு வேறு எவரும் அதைவிட அதிகம் வெல்லவில்லை. ஸ்பெயின் டேவிஸ் கோப்பையை மூன்று முறை வென்றபோது அணியில் இருந்தார். இவ்வளவும் இருக்கிறது, கிராண்ட்ஸ்லாம் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒருமுறை இறுதிக்கு வந்தார். 2013 பிரெஞ்சு ஓப்பன். அந்த இறுதிவரை ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. எதிரே நடால். 6-3, 6-2, 6-3. முடிந்தது.

ஃபெடரருடன் அவர் ஆடியது 17 ஆட்டம். பதினேழிலும் தோல்வி. 2007இல் ஷாங்ஹாய் மாஸ்டர்ஸ் கோப்பை இறுதியில் தோற்றார். ஏழு வருடம் கழித்து சின்சினாட்டி இறுதியில் நடுச் செட்டை 6-1 என்று எடுத்துவிட்டு அப்புறம் தோற்றார்.

இந்தப் பதினேழு எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. உலகத்தில் யாரும் ஃபெரரைப் பார்த்து "நீ முயற்சி பண்ணல" என்று சொல்ல முடியாது. 175 செண்டிமீட்டர் உயரம். அவருடைய காலத்து முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் அவரைவிட பத்துப் பதினைந்து செண்டிமீட்டர் உயரமானவர்கள். சர்வ் போடுவதிலேயே அந்த உயரம் விளையாடும். அவரிடம் இருந்தது கால். பேஸ்லைனின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடி, எதிராளி முடிந்துவிட்டதென்று நினைத்த பந்தைத் திருப்பி அனுப்புவார். எதிராளி மறுபடி அடிக்கவேண்டும். மறுபடியும் திரும்பும். உழைப்பு என்ற சொல்லுக்குப் படம் போடச் சொன்னால் இவரைத்தான் போடவேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு 0-17.

தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் எத்தனை தன்முனைப்பு முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கணக்கு இல்லை. எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னால் ஒரு பேச்சாளர் வருவார். மைக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். ஏழையாகப் பிறந்து பெரிய ஆளானவர்களின் கதையைச் சொல்வார். விளக்கை அணைத்து அம்மாவை நினைத்துக்கொள்ளச் சொல்வார். பாதிப் பேர் அழுவார்கள், நானும் அழுதிருக்கிறேன். முடிவில் எல்லாரும் சேர்ந்து கத்துவோம்: முடியும்!

அதைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. அழுதுவிட்டுப் போய்ப் படித்தவர்கள் உண்டு. என் பிரச்சினை அந்தச் சொல்லின் மறுபக்கம். உழைத்தால் முடியும் என்றால், முடியாதவன் உழைக்கவில்லை என்று ஆகிறது. வாயால் சொல்வதில்லை, ஆனால் மனக்கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. என் வகுப்பில் ஒரு பையன் இரவு பன்னிரண்டு மணிவரை பர்கர் கடையில் நிற்பான். கணிதத்தில் தேறவில்லை. "அவன் மெனக்கெடல," என்று எல்லாரும் சொன்னோம். அவனளவுக்கு மெனக்கெட்டவன் அந்த வகுப்பில் வேறு யார்?

நாம் உழைப்பைப் பாராட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறோம். நிஜத்தில் பாராட்டுவது வெற்றியை. வெற்றி வந்தபின் திரும்பிப் போய் உழைப்பைக் காரணமாக எழுதிக்கொள்கிறோம், தோல்வி வந்தால் சோம்பலை எழுதிக்கொள்கிறோம். ஃபெரரின் பதிவில் மட்டும் அப்படி எழுத முடியாது. உழைப்பு ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிய நிற்கிறது, தோல்வி மறுபக்கம் நிற்கிறது. நடுவில் கோடு போட்டுச் சேர்க்க வழியில்லை.

சரி, உழைப்புதான் பெரிது, அதற்கே மதிப்பெண் கொடுத்துவிடலாமா? ஜான் ரால்ஸ் 1971இல் வெளிவந்த தன் நீதிக் கோட்பாட்டு நூலில் இதற்கு முட்டுக்கட்டை போடுகிறார். முயற்சி செய்யும் மனமே ஒருவருக்கு வாய்க்கும் குடும்பத்தையும் சூழலையும் பொறுத்தது, அதையும் முழுக்க அவருடைய பெருமையாக எழுத முடியாது என்பது அவருடைய வாதம். முதலில் படித்தபோது கோபம் வந்தது. கஷ்டப்பட்டுப் படித்தவனிடம் போய் உன் கஷ்டமும் உன்னுடையதில்லை என்றால்?

ஆனால் ஃபெரரின் இளவயதுக் கதை ஒன்று உண்டு. பயிற்சியில் ஒழுங்காக ஆடாதபோது பயிற்சியாளர் ஹவியர் பிலெஸ் அவரைப் பந்து வைக்கும் சின்ன அறையில் போட்டுப் பூட்டிவிடுவாராம். ஒருகட்டத்தில் பையன் டென்னிஸே வேண்டாமென்று விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனான். ஒரு வாரம்போல செங்கலும் சிமெண்டும். பிறகு திரும்பி வந்துவிட்டான். தன்முனைப்புப் பேச்சாளர் கையில் இந்தக் கதை கிடைத்தால் விடமாட்டார். எனக்கு இதில் உறுத்துவது வேறு. அந்த ஒரு வாரத்தில் அவர்கூட செங்கல் தூக்கியவர்கள் எங்கே திரும்பிப் போனார்கள்? அவருக்குத் திரும்ப ஒரு மைதானம் இருந்தது, பூட்டிய கையாலேயே திறந்துவிட ஒரு பயிற்சியாளர் இருந்தார். ரால்ஸ் சொல்வது முழுக்கச் சரியென்று இன்னும் எனக்குப் படவில்லை. ஓடியது ஃபெரரின் கால்தான். ஆனால் பாதி சரி.

வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் சொன்னதைத் தமிழ்ப்பள்ளிச் சுவரில் எழுதாத ஊர் இல்லை. தெய்வத்தால் ஆகாமல் போனாலும் உடம்பு வருந்திய அளவுக்குப் பலன் உண்டு என்ற குறள், 619ஆம் எண். அதை நாம் "உழைத்தால் ஜெயிக்கலாம்" என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அவர் வெற்றி என்று சொல்லவில்லை, பரிசு என்றும் சொல்லவில்லை. கூலி என்கிறார்.

மலேசியத் தமிழனுக்கு அந்தச் சொல் லேசாகச் சுடும். கூலி என்று கூப்பிடப்பட்டு வந்த கூட்டம் நாம். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, செக்ரோலில் பெயர். அவருக்குத் தெரிந்த கோப்பை மரத்தில் கட்டிய மங்கு ஒன்றுதான். ஆனால் யோசித்தால், தோட்டத்தில் கொடுத்தது வள்ளுவர் சொன்ன கூலியே இல்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை. கிழட்டு மரங்கள் உள்ள நிரை உங்களுக்கு வந்தால் அதே கையசைவுக்குப் பால் குறையும், காசும் குறையும். உடம்பு வருந்தியதை யாரும் நிறுக்கவில்லை, பாலை நிறுத்தார்கள். மாதச் சம்பளம் வேண்டுமென்று தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டு கேட்டுக்கொண்டே இருந்தது இதனால்தான். மழைக்கும் மரத்துக்கும் நாங்கள் பொறுப்பில்லை என்பதுதான் அந்தக் கோரிக்கையின் சாரம்.

கோப்பை ஒருவருக்குத்தான் போக முடியும். அதுதான் போட்டி. ஃபெரர் பாவம், நிறைய ஓடினார் என்று ஃபெடரரிடமிருந்து ஒரு புள்ளியை எடுத்து அவருக்குக் கொடுத்தால் அவரே மட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். 2013 மயாமி இறுதியில் மர்ரேக்கு எதிராக ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலை. மர்ரே அடித்த பந்து வெளியே விழுந்ததென்று நினைத்து ஃபெரர் ஆட்டத்தை நிறுத்திக் கணினியிடம் முறையிட்டார். பந்து கோட்டைத் தொட்டிருந்தது. பிறகு டைபிரேக்கில் தோற்றார். அந்தக் கோட்டில் அநியாயம் எதுவும் இல்லை. கோடு இருந்தால்தான் ஆட்டம். டென்னிஸும் தோற்றவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கிராண்ட்ஸ்லாம் இல்லாமலே ஃபெரர் 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் சம்பாதித்தார். (இருநூறுக்கு வெளியே இருப்பவர்களுக்கு விமான டிக்கெட்டுக்கே தடுமாற்றம். அது தனிக் கட்டுரை.)

கோபப்படவேண்டிய இடம், கூலியைக் கோப்பை மாதிரிப் பங்கு வைக்கும் இடம்.

இப்போது அந்தப் படிவம். நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். எனக்குக் கீழே எட்டு டெக்னிஷன்கள். வருடக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஐந்துக்கு எவ்வளவு என்று போடவேண்டும். சம்பள உயர்வு அதைப் பொறுத்தது. எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் 5, ஒருவருக்குத்தான் 4, கட்டாயம் ஒருவர் 2. மணி வடிவத்தில் வளைகோடு வரவேண்டுமாம்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். பழைய சோதனை இயந்திரங்கள் அவர் கையைத்தான் கேட்கும். இரவு இரண்டு மணிக்கு லைன் நின்றால் போன் அவருக்கு. ஆனால் படிவம் கேட்பது "எவ்வளவு வெள்ளி மிச்சப்படுத்தினீர்கள்" என்று. நிற்காமல் ஓடிய இயந்திரத்துக்கு அதில் கட்டம் இல்லை. அந்த வருடம் ஒரு இளைஞன் நிஜமாகவே நல்ல வேலை ஒன்று செய்திருந்தான், அவனுக்கு 5. இன்னொருவருக்கு 4. அண்ணனுக்கு 4 போட்டு அனுப்பினேன், திரும்பி வந்தது. 3 ஆக்கினேன். ஆக்கியது நான்தான், வேறு யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை.

சொல்லியாகவேண்டுமே என்று கேன்டீனில் உட்கார்ந்து சொன்னேன்.

"மூனுன்னா பெயிலு இல்லதானே தம்பி?"

"இல்லண்ணே. பாஸ்தான்."

"அப்ப சரி." தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே கொஞ்சநேரம் இருந்தார். "நாலு வரணும்னா நான் என்னா செய்யணும்? சொல்லுங்க, அடுத்த வருஷம் செஞ்சிடறேன்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் என்ன செய்தாலும் இன்னொருவருடைய 4 குறைந்தால்தான் இவருக்கு வரும். டென்னிஸில் ஒருவர் தோற்காமல் இன்னொருவர் வெல்ல முடியாது, விதியே அப்படி. ஒரு லைனில் எட்டுப் பேரும் நன்றாக வேலை செய்தால் எட்டுப் பேரும் நன்றாக வேலை செய்தார்கள் என்றுதான் அர்த்தம். அங்கே ஒரு வலையைக் கட்டி, நடுவர் நாற்காலியில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். என் மேனேஜர் எனக்குப் போடுவதும் அதே வளைகோட்டில்தான். எனக்கு 4 வந்தபோது யாருடையது குறைந்தது என்று நான் கேட்கவில்லை.

இதைத் திருத்துவது என் கையில் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பாதி உண்மைதான். மேலே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். வேறு கம்பெனிகளிலும் இப்படித்தான் என்று பதில் வந்தது. ஆனால் "அவரு முன்ன மாதிரி இல்ல, மெதுவா ஆயிட்டாரு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது பேசாமல் இருந்தேனே, அது என் கையில்தான் இருந்தது. 3 போட்டதைவிட அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. எண்ணுக்கு ஏற்ற மாதிரி ஆளையே மாற்றி எழுதுகிறோம்.

இந்த வருடப் படிவம் போன வாரம் திறந்தது. எண்ணுக்குக் கீழே "கூடுதல் குறிப்பு" என்று ஒரு பெட்டி உண்டு, பொதுவாக யாரும் நிரப்புவதில்லை. பழைய வேலைப்பதிவுகளைத் தோண்டி எடுத்து, அண்ணன் இரவில் வந்த தேதிகளை ஒவ்வொன்றாக எழுதினேன். எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு லைன் ஓடியது. பெட்டியில் 500 எழுத்துக்கு மேல் ஏறவில்லை. ஆகஸ்டு வரைதான் வந்தது.