கருணையும் தாமதமும்

நெடுஞ்சாலையில் விஷவாயு ஏற்றிச் சென்ற டாங்கர் லாரி ஒன்று கவிழ்ந்து, ஓட்டுநர் உள்ளே சிக்கிக்கொள்ள, கூடியிருப்பவர்கள் தூர நின்று கதறிக்கொண்டிருக்கும் வேளையில், இத்தகைய விபத்துகளுக்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட மீட்புக் குழுவினர் வந்து இறங்கியவுடன் முதலில் செய்வது ஓடுவதன்று, நிற்பது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, காற்று தங்கள் முதுகில் படும்படி வண்டியை நிறுத்திக்கொண்டு, லாரியின் பலகையில் எழுதியிருக்கும் நான்கு இலக்க எண்ணைத் தொலைநோக்கியால் படிக்கிறார்கள். 1017 என்றிருந்தால் குளோரின். அது காற்றைவிடக் கனமானது, பள்ளங்களைத் தேடிச்சென்று தேங்குவது. 1075 என்றிருந்தால் எரிவாயு. ஒரு பொறி போதும். அந்த எண் தெரிந்து, அதற்குரிய கவசத்தை அணிந்து முடிக்கும்வரை அவர்களில் எவரும் ஓரடியும் முன்னே வைப்பதில்லை. அந்த நிமிஷங்களில் உள்ளே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கவும் கூடும்.

இந்த நிற்றல் தர்மந்தானா என்பதே என்னை நெடுநாளாக வருத்திவரும் கேள்வி.

நம்முடைய சமய மரபு கருணைக்குக் கற்பித்திருக்கும் உருவமெல்லாம் விரைவின் உருவமே. முதலையின் வாயில் அகப்பட்ட கஜேந்திரன் கூவியழைத்த மாத்திரத்தில், பகவான் ஒரு கணமும் தாமதியாமல் ஓடோடி வந்தான் என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியும், படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை விட்டுச் சென்ற பாரியும், ஆலோசித்துவிட்டுச் செய்தவர்களாக நமக்குச் சொல்லப்படவில்லை. யோசிக்கிற இரக்கத்தை இரக்கமென்று ஒப்புக்கொள்ள நம் மனம் கூசுகிறது. ஆகவேதான், கவசமணிந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவரைப் பார்த்து, “ஏன் சும்மா நிற்கிறீர்கள்?” என்று ஜனங்கள் ஆத்திரப்படுகிறார்கள். அந்த ஆத்திரம் நியாயமற்றதென்று சொல்ல என் நா எழவில்லை.

ஆயினும் நம் ஊர்களிலேயே அடிக்கடி நிகழும் ஒரு கொடுமையை நினைத்துப் பார்க்கவேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவன் மயங்கி விழுகிறான், மேலே நிற்கும் தம்பி, “அண்ணா!” என்று அலறிக்கொண்டு அடுத்த கணமே குதிக்கிறான், அவனைத் தூக்க மூன்றாமவன் இறங்குகிறான். மூன்று உடல்களையும் பின்னால் வந்த தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மேலே எடுக்கிறார்கள். தொட்டியில் தேங்கிக் கிடக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றமாக எச்சரிக்கும். மிகுதியாகிவிட்டாலோ நுகரும் சக்தியையே முதலில் பறித்துவிடும். எதை நம்பி உயிர் வாழ்கிறோமோ அந்தப் புலனே பொய்சாட்சி சொல்லும் இடத்தில், அன்பு மட்டும் வழிகாட்ட முடியாது. குதித்த தம்பியின் அன்பைக் காட்டிலும் உயர்ந்தது உலகில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, அந்த அன்பு ஒருவரையும் காக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். மனிதரை அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது. இறக்குகிறவர்களும் இறங்குகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

வள்ளுவர் அருளுடைமையை அறத்துப்பாலிலும், தெரிந்து செயல்வகையைப் பொருட்பாலிலும் வைத்தார். முன்னது துறவிக்கும் பின்னது அரசனுக்கும் உரியவை என்று உரைகாரர் வழி நின்று நாம் பிரித்துப் படித்துவிடுகிறோம். விஷத்தின் முன் நிற்கும் இந்த மனிதருக்கோ அவ்விரண்டு அதிகாரங்களும் ஒரே மூச்சில் வேண்டியிருக்கின்றன. இவர்களுடைய விதிகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு: உள்ளே செல்பவர் செல்லுமுன், அவர் திரும்பி வரும் வழி தயாராக இருக்கவேண்டும். தொட்டிகளும் நீர்க்குழாய்களும் தூரிகைகளும் வரிசையாக வைக்கப்பட்டு, வருபவரைக் கழுவிக் கவசம் களைந்துவிட ஆட்கள் நின்ற பிறகே முதல் இருவர் எல்லைக்குள் அடி வைக்கிறார்கள். ஏனெனில் கழுவப்படாமல் திரும்புகிறவர், தாம் காக்கச் சென்ற ஊருக்கே விஷத்தைச் சுமந்து வருகிறார். அபிமன்யு வியூகத்துக்குள் நுழையக் கற்றிருந்தான், வெளிவரக் கற்கவில்லை. அவனுடைய வீரத்தைப் பாடிக் கண்ணீர் வடிக்கும் நாம், அவனை அனுப்பிய பெரியவர்களின் பொறுப்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவசரத்தில் செய்த உபகாரம் அபகாரமாய் முடிந்ததற்குக் கடல் சொல்லும் சாட்சியங்கள் உண்டு. 1967 மார்ச்சில் டோரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கப்பால் பாறையில் மோதி உடைந்தபோது, எண்ணெயைக் கரைப்பதற்கென்று தெளித்த சலவை ரசாயனங்கள் எண்ணெயைவிடக் கொடிய நஞ்சாகிப் பாறைகளில் வாழ்ந்த ஜீவன்களை மாய்த்தன. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் தரைதட்டி ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டிய பின்பு, அந்தக் கரைகளை வெந்நீர் பீய்ச்சிக் கழுவினார்கள். கழுவியவர்கள் பகைவரல்லர்; எண்ணெயில் தோய்ந்த நீர்நாய்களையும் பறவைகளையும் கண்டு மனம் பொறாதவர்கள். ஆனால் எண்ணெய்க்குத் தப்பிப் பிழைத்திருந்த சிப்பிகளும் கடற்பாசிகளும் அந்த வெந்நீரில் வெந்து மடிந்தன. ஆராய்ச்சிக்காகவென்று கழுவாமல் விட்டுவைத்த சில இடங்களிலே உயிர்கள் முன்னதாகத் திரும்பித் தழைத்தன என்று பின்னர் கண்டார்கள். கண் காணப் பொறுக்காத கறையை அகற்றிவிடத் துடிப்பது, துன்புறும் ஜீவனுக்காகவா, காணும் நம் மன அமைதிக்காகவா என்று கருணையுள்ளவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய தருணங்கள் உண்டு போலும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எண்ணூர் என் வாதத்தைத் தடுத்து நிறுத்துகிறது. 2017 ஜனவரி 28 அதிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. சேதம் பெரிதில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. எண்ணெயோ சொல்லுக்குக் காத்திராமல் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையை அடைந்து, அலைத்தடுப்புக் கற்களின் இடுக்குகளில் தார்க்குழம்பாய்த் திரண்டு நின்றது. உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். குழம்பின் கனத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. முடிவில் மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவற்படையினரும் தொண்டர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டு, கல்லுக்குக் கல் வரிசையாக நின்று, பிளாஸ்டிக் வாளிகளில் மொண்டு கைமாற்றிக் கரையேற்றினார்கள். பலருக்கு மெல்லிய கையுறை இருந்தது. சிலருக்கு அதுவும் இல்லை. முழங்கைவரை கறுத்த கைகளோடு அவர்கள் நின்ற காட்சியைக் கண்டு நாடே உருகியது; நஞ்சுண்ட கண்டனுக்கு நிகராக அவர்களைப் புகழ்ந்தாலும் தகும் என்று நமக்குத் தோன்றும்.

அந்தப் புகழ்ச்சியை நான் அஞ்சுகிறேன். நீலகண்டன் ஈசன், அவனுக்கு நுரையீரல் நோய் வாராது, தோல் வெடியாது. எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு வரும். எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ள 1996-லேயே தேசியத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டுக் கடலோரக் காவற்படையின் பொறுப்பில் வைக்கப்பட்டிருக்கும் நாட்டில், இத்தனை ஆண்டுகள் கழித்து, ஒரு பெருநகரத்தின் வாசலிலேயே வாளியைத் தவிர வேறு கதி இல்லாமற்போனது எவருடைய கர்மம்? தொண்டு செய்தவர்களின் பூர்வவினை என்று எவரேனும் சொன்னால், சாஸ்திரத்தின் பெயரால் அவர் அதர்மம் பேசுகிறார் என்பேன்.

எனவே நிற்றலிலும் இரண்டு வகை காண்கிறேன். கவசமும் கருவியும் அறிவும் முன்பே தேடி வைத்தவன் எண்ணைப் படிப்பதற்காக நிற்கும் நிமிஷங்கள் கருணையின் அங்கமே. அவை கழியும்போது கேட்கும் ஓலத்தை அவன் ஆயுள் முழுவதும் சுமக்கிறான். ஒன்றும் தேடி வைக்காதவன் கைபிசைந்து நிற்பதும் வெளியே பார்ப்பதற்கு அதே நிற்றல்தான். ஆனால் அவன் கடன்பட்டது விபத்து நேர்ந்த அந்த நாளிலன்று, பயிற்சியைத் தள்ளிப்போட்ட, கருவி வாங்கும் காகிதத்தை மேஜையிலேயே கிடக்கவிட்ட முந்தைய சாதாரண நாட்களில்.

விஷ எல்லைக்குள் இருவர் செல்லும்போது, அதே கவசத்தை அணிந்து வெளியே வேறு இருவர் காத்திருப்பது இவர்கள் வழக்கம். உச்சி முதல் உள்ளங்கால்வரை மூடிய அந்த உடைக்குள் வேர்வை வழிய, முன்னே சென்றவர்களுக்கு ஆபத்து என்றால் மட்டுமே இவர்கள் புகவேண்டும். பெரும்பாலும் ஆபத்து நேர்வதில்லை, ஒன்றும் செய்யாமலே கவசத்தைக் களைந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். பத்திரிகையில் அவர்கள் படம் வராது. பலனை எதிர்பாராத கர்மத்தைப் பற்றிக் கீதைக்கு வியாக்கியானம் எழுதியவர்கள் போர்க்களத்தையும் வேள்விச்சாலையையும் உதாரணம் காட்டினார்கள்; உள்ளே சென்று மீட்டவர்களின் புண்ணியத்துக்கு ஓர் அணுவும் குறையாத புண்ணியம் இவ்விருவருக்கும் உண்டு என்றே நான் நம்புகிறேன்.