தொட்டியில் எத்தனை நாள்?

நாள்கணக்கில் கரண்ட் போய்விட்டால் வீடு எப்படித் தாங்கும் என்று பேச்செடுத்தால், அது விளக்கில்தான் தொடங்குகிறது. மெழுகுவத்தி இருக்கிறதா, டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா, இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் இழுக்கும். கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே சொந்தக்காரர்கள் வீடுகளில் நான் பார்த்தது வேறு. இருட்டைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டவர்கள் அங்கே குறைவு. பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டார்கள், எட்டு மணிக்குள் பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். விடிந்ததும் எல்லார் வாயிலும் வந்த முதல் பேச்சு தண்ணீர்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தோப்புத் தோப்பாகத் தென்னை விழுந்தது. விழுந்த மரம் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்து வேலை பார்த்தார்கள். ஆனாலும் லாரி போகாத சேற்று வயலில் ஒரு சிமென்ட் கம்பத்தைப் பத்துப் பேர் தோளில் சுமந்து போய்த்தான் நட வேண்டும். முதலில் துணை மின்நிலையம், அடுத்து உயரழுத்தப் பாதைகள், ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம், டவுன், அதன்பிறகே உள்ளடங்கிய ஊர்கள். இந்த வரிசையில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வரிசையின் கடைசியில் இருந்த ஊர்கள் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தன.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு சரிந்தபோது 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. அன்று தென்னகத் தொகுப்பு தனியாக இருந்ததால் நாம் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியாக நாமும் அதனோடு இணைந்துவிட்டோம். என்றாலும் அந்த மாதிரிச் சரிவு என்னை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. கம்பியும் கம்பமும் நின்ற இடத்தில் நின்றால், நீர்மின் நிலையங்களை முதலில் எழுப்பி, அந்தக் கரண்டை வைத்து அனல்மின் நிலையங்களை எழுப்பி, ஓரிரு நாளில் மீட்டுவிடுகிறார்கள். கம்பி மண்ணில் கிடந்தால்தான் வீட்டின் சோதனை தொடங்குகிறது. கடற்கரை மாவட்டங்களில் அது எப்போது வேண்டுமானாலும் வரும்.

தண்ணீருக்கு வருகிறேன். ஒரு தலைமுறைக்கு முன் எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் கிணறு இருந்தது, கயிறு இருந்தது, தெருமுனையில் அடிபம்பு இருந்தது. இன்று கிணற்றுக்கு மேல் பலகை போட்டிருக்கிறது அல்லது குப்பை கொட்டி மூடியிருக்கிறது. ஆழ்துளைப் போரில் நீர்மூழ்கி மோட்டார் இறங்கியிருக்கிறது. குழாயின் விட்டம் சிறியது, வாளி இறங்காது. தண்ணீர் காலுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் அதை எட்ட வழியில்லை. தெருவின் அடிபம்பையும் கழற்றிவிட்டு அதே போரில் மோட்டார் வைத்து, மேலே ஒரு சின்டெக்ஸ் தொட்டியை ஏற்றிவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலைதான் அது. பெண்கள் அடித்து அடித்துத் தோள் நோகும் பாடு தீர்ந்தது. கஜாவுக்கு மறுநாள் அந்தத் தொட்டி வெறும் பிளாஸ்டிக்.

என் சின்னம்மா அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கரண்டு வராட்டிப் போவுதுப்பா. தண்ணிய மட்டும் ஏத்திக் குடுக்கச் சொல்லு. வயசுக்கு வந்த புள்ளையள வச்சிக்கிட்டு கொல்லைக்கிப் போவ என்ன பண்றது?" வீட்டுக்குள் கக்கூஸ் கட்டி, ஊற்றத் தண்ணீர் இல்லாமல் நின்ற வீடுகளின் பாடு அது. பேரிடரைப் பற்றிய பேச்சுகளில் இந்தக் கேள்வி கடைசியில்கூட வருவதில்லை. சின்னம்மாவுக்கு அதுதான் முதல் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி, வீட்டில் ஐந்து பேர். நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்டக் கணக்கு. அந்தப் பழக்கத்திலேயே செலவழித்தால் தொட்டி ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். பேரிடர் முகாம்களில் குடிக்க, சமைக்க, கைகால் கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் பிடித்தால் அதே தொட்டி 13 நாள் வரும். இத்தனை வித்தியாசமும் யாராவது மாடிக்குப் போய் வால்வை மூடி, இனி வாளியில் பிடித்துத்தான் புழங்க வேண்டும் என்று முதல் நாளே சொல்வதில் இருக்கிறது. பழைய ஃபிளஷ் தொட்டி ஒரு முறை அழுத்தினால் பத்து லிட்டர் வரை கொட்டும். ஒருவர் பாதி நாளைக்கு உயிர் வாழும் தண்ணீருக்கும் அது கூடுதல். புயல் எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை நிரப்பி, அண்டா, தவலை, குடம் எல்லாவற்றிலும் பிடித்து மூடி வைக்கும் வீட்டுக்குச் செலவு ஒரு ரூபாய் இல்லை. பலரும் அதைச் செய்கிறார்கள். வால்வை மூடத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்வெர்ட்டர் நம் வீடுகளுக்குள் வந்தது வேறொரு காலத்தின் தேவைக்காக. 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது வாங்கினோம். இரண்டு மணி நேரம் போகும், ஒரு மணி நேரம் வரும். வருகிற நேரத்தில் சார்ஜ் ஏறும். திரும்ப வராத கரண்டுக்கு அது ஒரு நாள் மருந்துகூட இல்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. பழைய மின்விசிறி இரண்டும் எல்இடி பல்பு நான்கும் ஓடினால் விடிவதற்குள் காலி. விசிறியைத் தொடாமல், மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் இரண்டு பல்பு, செல்போன் சார்ஜ் என்று இறுக்கிப் பிடித்து, மற்ற நேரம் இன்வெர்ட்டரையே அணைத்துவைத்தால் ஒரு வாரம் தாண்டும். மோட்டார் அதில் ஓடாது.

கூரையில் சோலார் போட்டவர்கள் கவலை இல்லை என்று நினைத்திருக்கிறார்கள். மானியம் வாங்கிப் போட்ட பெரும்பாலான அமைப்புகள் மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. வெளியே கரண்ட் நின்ற அடுத்த கணம், உச்சி வெயில் அடித்தாலும், அவையும் நின்றுவிடும். அப்படித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால்தான் அந்த வெயில் நமக்கு உதவும். போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. விற்க வருபவர் தானாகச் சொல்வது அபூர்வம்.

அது ஏன் நிற்க வேண்டும்? கம்பத்தின் மேல் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதற்காக. லைன்மேன் கம்பியை இழுத்துக் கட்டும்போது நம் கூரையிலிருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போய்விடக் கூடாது. இதே காரணத்தால் ஜெனரேட்டரைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஜாவுக்குப் பிறகு லோடு ஆட்டோவிலும் டிராக்டரிலும் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து, மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிக் கொடுத்து மணிக்கணக்கில் வாடகை வாங்கினார்கள். அது இல்லாவிட்டால் பல தெருக்கள் தவித்துப்போயிருக்கும். மோட்டார் வயரை நேராக ஜெனரேட்டரில் கொடுத்தவரைக்கும் பயம் இல்லை. வீடு முழுக்க எரியட்டும் என்று, மெயினை அணைக்காமல், ஒரு பிளக் பாயின்ட்டில் ஜெனரேட்டர் வயரைச் சொருகுகிறார்களே, அங்கேதான் உயிர் போகிறது. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியேறித் தெருவின் டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாக ஏறினால் 230 வோல்ட் 11,000 வோல்ட்டாகிவிடும். தெருவுக்கு வெளிச்சம் கொடுக்க நாலு மாவட்டம் தாண்டி வந்து, பாதி வயிற்றோடு கம்பத்தில் ஏறியவர், செத்த கம்பி என்று நம்பித் தொடுவார். ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தால் வீட்டின் பாதை ஜெனரேட்டரோடு இருக்கும்போது வெளிக்கம்பியோடு ஒட்டே இருக்காது. ஜெனரேட்டர் வைத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் நான் அந்தச் சுவிட்ச்சைத் தேடிப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் முகம் கோணினாலும் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளும் மூடிய தாழ்வாரத்திலும் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அரிசி, பருப்பு, புளி, மிளகாய் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை. இரண்டாவது சிலிண்டர் நிரம்பியிருக்க வேண்டும். கையில் கொஞ்சம் ரொக்கம், அதுவும் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக இருக்க வேண்டும். செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதன் ஜெனரேட்டருக்கு டீசல் வர ரோடு திறக்க வேண்டும். அதுவரை போனைக் காட்டிப் பணம் கொடுக்க முடியாது.

மருந்து அப்படிக் கடந்து போகிற விஷயம் இல்லை. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி போர்ட்டோ ரீக்கோ தீவின் மின்கட்டமைப்பையே பெயர்த்துப் போட்டது. கடைசி வீடுகளுக்குக் கரண்ட் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது. இறந்தவர்கள் 64 பேர் என்று முதலில் சொன்ன அரசு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்த பிறகு 2018 ஆகஸ்டில் அதை 2,975 என்று மாற்றியது. புயல் நின்ற பின்னும் மாதக்கணக்கில் நீண்ட சாவுகள் அவை. முதியவர்களும் ஏழை ஊர்க்காரர்களும் அதிகம். நம் தெருக்களில் இன்று சர்க்கரை நோய் இல்லாத வீடு எத்தனை? இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். திறந்த மருந்தை மிதமான சூட்டில் நான்கு வாரம் வரை வைக்கலாம் என்பதும், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்தால் வெயில் காலத்திலும் ஓரளவு தாங்கும் என்பதும் தெரிந்தால் பாதி பயம் தீரும். அவரவர் மருந்துக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவைக்க வேண்டும். நெபுலைசரை நம்பி இருக்கிற தாத்தா, வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிற அத்தை, இவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், ரோடு அடைபட்டால் எப்படி வெளியே கொண்டுபோவது என்பது தெருவில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தெரு என்று எழுதும்போதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கேள்வி வருகிறது. மேலே போட்ட தொட்டிக் கணக்கில் ஐந்து பேர் என்று வைத்தேன். அது காகிதத்தில் மட்டும் நிற்கும் எண். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாக வாசலில் வந்து நின்றால், 13 நாள் கணக்கைச் சொல்லித் திருப்பி அனுப்ப நம்மால் முடியுமா? முடியக் கூடாது என்று நான் நினைக்கிறேன். அப்படியானால் கணக்கில் அவளையும் முதலிலிருந்தே சேர்த்திருக்க வேண்டும். மேற்கே சில நாடுகளில் உணவையும் ஆயுதத்தையும் பதுக்கி, கதவை அடைத்துக்கொண்டு தப்பிப்பதையே தயாராவது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய வீடுகள் ஒன்றுக்கொன்று எட்ட இருக்கலாம். நம் தெருவில் ஜெனரேட்டர் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும், தாளிக்கிற வாசனை அடுத்த சுவர் தாண்டும். ஊர் முழுக்க வியர்த்துக் கிடக்கையில் ஒரு வீட்டில் மட்டும் விசிறி ஓடினால், அந்த வீட்டுக்காரருக்கே அது நிம்மதியான தூக்கமாக இருக்காது.

கஜாவின்போது ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டின் திண்ணையைப் பார்த்தேன். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று, சுற்றிலும் முப்பது நாற்பது செல்போன். எது யாருடையது என்று தெரிய நோட்டுத் தாளைக் கிழித்துப் பெயர் எழுதி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். காசு வாங்கவில்லை. வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் டீசல் கொண்டுவந்தார்கள், சிலர் விழுந்த தென்னையிலிருந்து இளநீர் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டின் தயாரிப்பு ஒரு தெருவின் தயாரிப்பாக மாறியது யாரும் திட்டம் போட்டு நடந்தது இல்லை. அடுத்த முறையும் தானாக நடக்கும் என்று நம்பி இருக்க எனக்கு மனமில்லை.

அதனால் வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம், தெருவின் அடிபம்பைத் திரும்பக் கேளுங்கள் என்கிறேன். 1970களில் யுனிசெஃப் துணையோடு நம் நாட்டிலேயே உருவான இந்தியா மார்க் 2 பம்பு 150 அடி ஆழத்திலிருந்தும் ஆள் பலத்தால் தண்ணீர் ஏற்றும். மோட்டார் இருக்கிற போர் அப்படியே இருக்கட்டும். தெருவுக்கு ஒரு போராவது கைக்கு எட்டும்படி விடவேண்டும். இரண்டு லட்ச ரூபாய் பேட்டரியைவிட அதை நம்பலாம். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 கூட்டம் உலகத் தண்ணீர் நாளில் வருகிறது. தீர்மானத்தில் பம்பு என்று மட்டும் எழுதினால் போதாது. அடிக்கடி தேய்கிற வாஷரும், அதை மாற்றுகிற ஸ்பேனரும் யார் வீட்டில் இருக்கும், புரட்டாசி முடிவதற்குள் யார் ஒரு தடவை அடித்துப் பார்ப்பார் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். சின்னம்மா ஊரில் அதற்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம். வாஷரைத் தன் வீட்டு மாடத்தில் வைத்துக்கொள்வதாக அவர் முதல் ஆளாகச் சொல்லியிருக்கிறார்.