கேள்வி யாரிடம்?

1945 ஏப்ரல் இறுதியில் பிரிட்டிஷ் படைகளிடம் வீழ்ந்த பிரேமன் நகரம், துறைமுகத்தின் பொருட்டு அமெரிக்கர் வசம் போனது. ஜெர்மானியரோடு பழகக் கூடாதென்று படைவீரர்களுக்கு இருந்த தடை சில மாதங்களில் தளர்ந்தது. ஊரில் பசி, சிகரெட்டே பணமாகப் புழங்கியது. படைவீரனோடு போன பெண்ணை ஊர் ஏசியது.

அவள் விரும்பித்தான் போனாளா? எனக்கு இந்தக் கேள்வியின் மீதே சந்தேகம். ஆம் என்றால் நடத்தை கெட்டவள், இல்லையென்றால் பாவப்பட்டவள். பசியும் காதலும் ஒரே உடலில் இருக்கக் கூடாதா? ரொட்டியும் துப்பாக்கியும் அவனிடம் இருக்கையில், மறுக்க அவளுக்கு வழி இருந்ததா என்றல்லவா கேட்க வேண்டும்? மறுக்க முடியாத இடத்தில் சம்மதம் அரைச்சொல்.

அவளும் நாஜி ஆட்சிக்குக் கைதட்டியிருக்கலாம். அதற்குக் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கடனுக்கு அவள் உடல் ஈடாகாது.

ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி, நேசநாட்டுப் படைவீரரை ஜெர்மன் நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது. குழந்தை பிறந்தாலும் அவன்மீது ஜீவனாம்ச வழக்குப் போட அங்கே வழியில்லை. அவனைக் கேட்க நீதிமன்றமில்லை. அவளைக் கேட்கவோ, தெருவே நீதிமன்றமானது.